சம்பாவுக்கு எந்த மூட்டை? எரிவாயு விலையை வைத்து ஓர் உரக் கணக்கு

போன சம்பாவில் முதல் மேலுரம் (நட்ட பிறகு வளரும் பயிருக்குப் போடும் உரம்) போட வேண்டிய வாரத்தில் கூட்டுறவு சொசைட்டியில் யூரியா இல்லை. இரண்டு நாளில் லோடு வந்துவிடும் என்றார்கள். எட்டு நாள் ஆனது. தனியார் கடை ஒன்றில் இருந்தது. ஆனால் யூரியா மூட்டை வேண்டுமென்றால் கூடவே ஒரு துத்தநாகப் பாக்கெட்டும் ஒரு நானோ யூரியா பாட்டிலும் எடுத்தாக வேண்டும் என்றார் கடைக்காரர். மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். கையை விட்டுப் போனதோ அதைவிடப் பல மடங்கு.

அன்று வரப்பில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வயல் பெரியப்பா கேட்டார்: "ஏன் தம்பி, வெளிநாட்டுல கேஸ் விலை ஏறிப்போச்சுன்னு டிவியில சொல்றான். யூரியா விலை பத்து வருஷமா அதேதானே? அப்ப நமக்கு என்ன?"

பாதி சரியான கேள்வி. யூரியாவின் விலை ஏறவில்லை. மூட்டைதான் 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக இளைத்தது. ஆனால் அந்த எட்டு நாள் காத்திருப்பும், தலையில் கட்டப்பட்ட பாட்டிலும் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போனால் அந்த எரிவாயுவில்தான் போய் நிற்கிறது. இந்த வருஷ சம்பாவுக்கு எதை வாங்குவது என்று முடிவு செய்ய நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். எங்களுக்கு ஐந்து ஏக்கர், அதாவது பதினைந்து மா. டெல்டா களிமண். பிபிடி 5204 என்ற நெல் ரகம், நடவு. உங்கள் நிலம் வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

வாயு எப்படி மூட்டையாகிறது

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதைப் பயிர் நேரடியாக எடுக்க முடியாது. ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுதான் மூலம். அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. ஆக எரிவாயு அங்கே அடுப்பெரிக்க மட்டும் போகவில்லை. மாவும் அதுதான், விறகும் அதுதான். யூரியா உற்பத்திச் செலவில் முக்கால் பங்கு எரிவாயு என்று சொல்வது அதனால்தான்.

தமிழ்நாட்டில் இது கொஞ்சம் புதிது. மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸும் தூத்துக்குடி ஸ்பிக்கும் கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவில் ஓடிய ஆலைகள். எண்ணூரில் எல்என்ஜி (திரவமாக்கிய எரிவாயு) முனையம் வந்த பிறகு 2019இல் மணலி ஆலை எரிவாயுவுக்கு மாறியது. ராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய் வந்த பிறகு 2021இல் ஸ்பிக் மாறியது. அதற்கும் முன்னால் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்தே யூரியா எடுத்த காலமும் உண்டு. எங்கள் காலுக்குக் கீழேயும் வாயு இருக்கிறது. காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி பல வருஷமாக எடுத்தும் வந்தது. அது குத்தாலம், கோவில்களப்பால் போன்ற மின் நிலையங்களுக்குப் போனது. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம், 2020இல் டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் என்று அந்தக் கதை வேறு திசையில் போய்விட்டது. மண்ணுக்கு அடியில் உள்ள வாயு வேண்டாம், அதே வாயுவிலிருந்து வந்த யூரியா உப்பு வேண்டும் என்று நிற்கிறோம். இதில் முரண் இருப்பது தெரிந்தும் நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு டன் யூரியா செய்ய ஆலையைப் பொறுத்து 22 முதல் 26 எம்எம்பிடியூ எரிவாயு ஆகும் (எரிவாயுவை அளக்கும் வெப்ப அலகு அது, விலையும் அதில்தான் சொல்வார்கள்). 23 என்று எடுத்துக்கொண்டு, டாலரை 85 ரூபாய் என்று வைத்தால், எரிவாயு விலை ஒரு டாலர் ஏறும்போது 45 கிலோ மூட்டையின் அடக்கம் சுமார் 88 ரூபாய் ஏறும். எரிவாயு 10 டாலருக்கு வந்தால் ஒரு மூட்டைக்கு வாயுச் செலவு மட்டும் 880 ரூபாய். நாம் கொடுப்பது 266.50. மீதியை அரசு மானியமாக ஆலைக்குக் கொடுக்கிறது. 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு எகிறிய வருஷத்தில் நாட்டின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது.

இதையே அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மக்காச்சோள விவசாயி எப்படிப் பார்த்தார்? அவர் வயலில் நேராக அம்மோனியாவையே மண்ணுக்குள் செலுத்துகிறவர். மானியம் கிடையாது. 2020இல் டன் 500 டாலருக்குக் கீழே வாங்கியவர் 2022 வசந்தத்தில் 1,400 டாலருக்கு மேல் கொடுத்தார். அந்த மார்ச்சில் அமெரிக்க விவசாயிகள் சொன்ன விதைப்புத் திட்டத்தில் சோயா மக்காச்சோளத்தையே முந்தியது. சோயாவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வாங்க வேண்டியதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். விலை அவரிடம் நேராகப் பேசியது, அவர் பயிரையே மாற்ற நினைத்தார்.

நம்மிடம் விலை பேசாது. கையிருப்பு பேசும். 2023-24இல் இந்தியா சுமார் 314 லட்சம் டன் யூரியா தயாரித்தது, சுமார் 70 லட்சம் டன் இறக்குமதி செய்தது. உலக விலை ஏறினால் அரசு இறக்குமதி டெண்டரில் தயங்கும், குறைத்து வாங்கும், கப்பல் தாமதமாகும். 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டையின்போது இஸ்ரேலிலிருந்து எகிப்துக்குப் போகும் எரிவாயு நின்று அங்கே யூரியா ஆலைகள் மூடின. ஈரானிலும் உற்பத்தி நின்றது. சீனா ஏற்கெனவே ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்தியாவின் யூரியா கையிருப்பு சுமார் 37 லட்சம் டன். முந்தைய வருஷம் அதே சமயம் 86 லட்சம் டன் இருந்தது. தெலங்கானாவில் விவசாயிகள் செருப்பை வரிசையில் போட்டு இடம் பிடித்தார்கள்.

அதனால் ஒவ்வொரு வழியையும் இரண்டு அளவுகோலால் அளந்தேன். ஒன்று, சத்து ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய். இரண்டு, யூரியா மூட்டை எத்தனை வேண்டும், அதுவும் எந்தத் தேதியில் வேண்டும். பெரும்பாலோர் முதல் அளவுகோலோடு நின்றுவிடுகிறார்கள். போன வருஷம் நானும் அப்படித்தான் நின்றேன்.

டிஏபி, காம்ப்ளக்ஸ், சூப்பர்

டெல்டா நடவு நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டருக்குத் தழை (நைட்ரஜன்) 150, மணி (பாஸ்பரஸ்) 50, சாம்பல் (பொட்டாசியம்) 50 கிலோ. ஏக்கருக்கு 60, 20, 20. மணிச்சத்துக்கு டிஏபி, காம்ப்ளக்ஸ், சூப்பர் என்று மூன்று வழி. சாம்பல்சத்து மூன்று வழியிலும் பொட்டாஷில் ஒரே அளவுதான், அதை ஒதுக்கி வைக்கிறேன். அது சுரங்கத்திலிருந்து வருவது, எரிவாயுவுக்கும் அதற்கும் பெரிய உறவில்லை.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மூட்டைக்கு 20.7 கிலோ. 266.50ஐ அதால் வகுத்தால் தழைச்சத்து கிலோ 12 ரூபாய் 87 காசு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். அதில் தழை 9 கிலோ, மணி 23 கிலோ. தழைக்கு யூரியா விலையில் 116 ரூபாய் கழித்தால் மணிச்சத்து கிலோ 54 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஏக்கருக்கு 20 கிலோ மணி வேண்டுமென்றால் டிஏபி 43 கிலோ சொச்சம். அதோடு யூரியா இரண்டரை மூட்டை. இரண்டும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 1,850 ரூபாய்.

இருபது இருபது காம்ப்ளக்ஸ், எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி மூட்டையாக இருந்தாலும் பாக்டம்பாஸ் என்றே கேட்பார்கள். 20 சதவீதம் தழை, 20 மணி, 13 கந்தகம். 50 கிலோ மூட்டை 1,300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை, சீசனுக்கு சீசன் மாறும். ஏக்கருக்கு இரண்டு மூட்டை போட்டால் மணி முழுதும் வந்துவிடும், தழையில் 20 கிலோ வரும். மீதிக்கு யூரியா இரண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 3,115 ரூபாய். டிஏபி வழியைவிட ஏக்கருக்கு 1,270 ரூபாய் அதிகம். அந்த அதிகத்துக்குக் கிடைப்பது 13 கிலோ கந்தகம். கிலோ கிட்டத்தட்ட 98 ரூபாய்!

பயிர் பச்சையாக எழும்புவதைக் கண்ணால் பார்த்தவர்கள் காம்ப்ளக்ஸை விட மாட்டார்கள். அதைக் குறை சொல்லவில்லை. கந்தகம் குறைந்த மண்ணில் அந்தப் பச்சை உண்மைதான். ஆனால் கந்தகத்துக்கு ஜிப்சம் இருக்கிறது. கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் போடச் சொல்வது பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. அதைப் போடுகிறவருக்கு காம்ப்ளக்ஸின் கந்தகம் ரெட்டைச் செலவு.

சூப்பர் பாஸ்பேட்டில் தழை இல்லை. மணி 16 சதவீதம், கந்தகம் 11. மூட்டை 600 ரூபாய் என்றால் மணிச்சத்து கிலோ 75 ரூபாய், டிஏபியைவிட அதிகம். சூப்பர் மூட்டை 430 ரூபாய்க்குக் கீழே வந்தால்தான் மணிச்சத்தில் டிஏபியை வெல்லும். கந்தகத்தையும் கணக்கில் எடுத்தால் நிலைமை மாறுகிறது. ஏக்கருக்கு இரண்டரை மூட்டை சூப்பர், 2.9 மூட்டை யூரியா, மொத்தம் 2,270 ரூபாய். கந்தகம் வேண்டும், ஜிப்சம் கிடைக்காது என்பவருக்கு காம்ப்ளக்ஸைவிட இதுவே லாபம். தூக்கிப் போடுகிற கூலியை மறந்துவிடாதீர்கள். ஐந்து ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டைக்கு மேல் சூப்பர், ஆள் கிடைக்கிற நாளாக இருக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது அளவுகோல். ஐந்து ஏக்கருக்கு யூரியா எத்தனை மூட்டை? டிஏபி வழியில் பதின்மூன்று. காம்ப்ளக்ஸ் வழியில் பத்து. சூப்பர் வழியில் பதினைந்து. ரூபாயில் தோற்ற காம்ப்ளக்ஸ் இங்கே ஜெயிக்கிறது. யூரியா கிடைக்காத வருஷத்தில் நடவுக்கு முன் போடும் அடியுரத்திலேயே 20 கிலோ தழை போய்விட்டால் முதல் மேலுரத்துக்கு ஒரு வாரம் தாங்கும். போன வருஷம் எங்கள் தெருவில் காம்ப்ளக்ஸ் போட்டவர்கள் எட்டு நாளைத் தாங்கினார்கள். என் வயல் மஞ்சளித்தது.

ஆனால் எரிவாயு இங்கேயும் நுழைகிறது, பின்வாசல் வழியாக. ஒரு டன் டிஏபிக்கு அம்மோனியா 0.22 டன் போதும், இருபது இருபதுக்கு 0.24 டன் போல வேண்டும், யூரியாவுக்கு 0.58 டன். அதிகம் தின்னும் யூரியாவின் விலையை அரசு பூட்டி வைத்திருக்கிறது. மற்ற இரண்டும் 2010இலிருந்து சத்து அடிப்படையிலான மானியத்தின் கீழ் வருகின்றன. கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு மானியத்தை நிர்ணயிக்கும், மூட்டை விலையைக் கம்பெனி வைக்கும். அம்மோனியாவோ, பாஸ்பேட் பாறையோ, கந்தகமோ ஏறினால் காம்ப்ளக்ஸ் மூட்டையில் அது தெரியும். டிஏபியில் மட்டும் அரசு கையை எடுப்பதில்லை. 2021 வசந்தத்தில் 1,200 ரூபாய் மூட்டை 1,900 என்று வந்தது. கூச்சல் எழுந்ததும் அந்த மே மாதமே மானியத்தை மூட்டைக்கு 500இலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்திப் பழைய விலைக்கே கொண்டுவந்தார்கள். அப்புறம் 1,350இல் நிறுத்தினார்கள். அதன் விளைவும் யூரியாவுக்கு வந்த விளைவே. உலக விலை ஏறும்போது டிஏபி விலை ஏறாது, மூட்டை காணாமல் போகும்.

ஆக, யூரியாவும் டிஏபியும் ஏறினால் வரிசையில் தெரியும். காம்ப்ளக்ஸும் பொட்டாஷும் ஏறினால் பர்ஸில் தெரியும். பணத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குவதா, நேரத்தைக் கொடுத்து பணத்தை மிச்சம் பிடிப்பதா என்பதுதான் இந்த இரண்டுக்கும் இடையிலான தேர்வு.

இந்த இடத்தில் ஒன்று. மேலே உள்ள எல்லாக் கணக்கும் ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து வேண்டும் என்ற பொதுப் பரிந்துரையில் நிற்கிறது. முப்பது வருஷம் டிஏபி போட்ட வயலில் அது மண்ணில் சேர்ந்திருக்கும், தழைச்சத்து மாதிரி ஆவியாகிப் போகாது. மண் பரிசோதனையில் மணி அதிகம் என்று வந்து பாதியாகக் குறைத்தால் ஏக்கருக்கு 540 ரூபாய் மிச்சம். உர விலையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், வேறு எந்த வழியிலும் இவ்வளவு சுலபமாக இந்தத் தொகை மிச்சமாவதில்லை. எங்களுடைய மூன்று ஏக்கரில் மணி அதிகம் என்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் முழு டிஏபி போட்டோம், பழக்கம்.

பாட்டில்

நானோ யூரியாவைப் பற்றி எழுதாமல் விட்டால் கேட்பார்கள். 2021இல் வந்தது. அரை லிட்டர் பாட்டில் 225 ரூபாய், ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்று விற்றார்கள். முதலில் வந்ததில் தழைச்சத்து 4 சதவீதம். அரை லிட்டரில் 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். பிறகு வந்த 20 சதவீதப் பாட்டிலிலும் 100 கிராமைச் சுற்றித்தான். இலை வழியாகப் போவதால் வீணாகாது என்ற வாதத்தை முழுதாக ஏற்றுக்கொண்டாலும், ஒரு டன் நெல் சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். 100 கிராம் எங்கே போய் ஒட்டும்? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் வயலில் போட்டுப் பார்த்ததில் நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது.

இலை வழியாகவே கொடுக்க வேண்டும் என்றால் சாதா யூரியா நாலு கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இரண்டு சதவீதக் கரைசலாகத் தெளிக்கலாம். அதில் தழைச்சத்து 1.8 கிலோ, செலவு 24 ரூபாய். தெளிக்கிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். போன வருஷம் என் தலையில் கட்டிய பாட்டிலைத் தெளித்துவிட்டேன், வீணாக்க மனமில்லை. பணம் கொடுத்து மறுபடி வாங்க மாட்டேன்.

அம்மோனியம் சல்பேட்டும் கிடைக்கிறது, களர் கலந்த நிலத்துக்கு நல்லது. மூட்டையில் பத்து கிலோ சொச்சம்தான் தழை, விலையைப் பார்த்தால் யூரியாவின் அருகில்கூட வராது. அவசரத்துக்கு ஒன்றிரண்டு மூட்டை, அவ்வளவே.

தக்கைப்பூண்டும் இலை வண்ண அட்டையும்

எரிவாயுவே தேவைப்படாத தழைச்சத்து ஒன்று உண்டு. தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியின் வேரில் உள்ள முடிச்சு காற்றிலிருந்து நேராக எடுக்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். மொத்தத் தழைச்சத்தில் நாலில் ஒரு பங்கை, அடியுரமாகப் போடும் ஏக்கருக்கு 15 கிலோவை, அந்த வயலில் நான் விட்டுவிடுகிறேன்.

பணக் கணக்கைப் போட்டால் சிரிப்பு வரும். 15 கிலோ தழை என்பது முக்கால் மூட்டை யூரியா, 193 ரூபாய். தக்கைப்பூண்டு விதை கிலோ 100 ரூபாய் என்றால் 2,000 ரூபாய், அரசு பாதி மானியம் கொடுத்தால் 1,000. அதற்குமேல் மடக்கி உழுகிற டிராக்டர் கூலி. மானிய யூரியா இருக்கும்வரை எந்தப் பசுந்தாளும் கணக்கில் ஜெயிக்காது. கொளுஞ்சியும் சணப்பையும் நம் வயல்களைவிட்டுப் போனதற்கு யார் சோம்பேறி என்று தேட வேண்டியதில்லை, இந்த ஒரு வகுத்தல் போதும். யூரியாவுக்கு உலக விலை, உதாரணத்துக்கு டன் 400 டாலர், நாமே கொடுக்க வேண்டியிருந்தால் மூட்டை 1,530 ரூபாய். அப்போது அந்த முக்கால் மூட்டை 1,100 ரூபாய், மானிய விதையோடு தக்கைப்பூண்டு பக்கத்தில் வந்து நிற்கும்.

பிறகு ஏன் போடுகிறேன்? மண் இளகுவதற்காக. அதைவிட, அடியுரத்துக்கு யூரியா தேடிப் போகாமல் இருப்பதற்காக. ஆனால் எல்லாருக்கும் இது முடியாது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை போடுகிற வயலில் 45 நாள் எங்கே இருக்கிறது? ஒருபோகச் சம்பா வயலில், கோடை மழையில் விதைத்தாலோ ஆற்றுத் தண்ணீர் வந்ததும் விதைத்தாலோ ஆகஸ்ட் நடுவுக்குள் மடக்கலாம். எங்களுக்கு அப்படி இரண்டு ஏக்கர் இருக்கிறது, தாழ்ந்த நிலம், குறுவை வருவதில்லை. மீதி மூன்றில் முடியாது.

அந்த மூன்றில் மூட்டையைக் குறைக்க என் நம்பிக்கை ஒரு பிளாஸ்டிக் அட்டையின் மேல். இலை வண்ண அட்டை, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் கொண்டது. நட்டு 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, வெயில் இலையில் படாமல் உங்கள் நிழலில் மறைத்து, பத்து இலைகளை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் எண் 4க்குக் கீழே இருந்தால் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு 3. சம்பாவில் ஒருமுறைக்கு ஏக்கருக்கு 12 கிலோ தழை, அதாவது 26 கிலோ யூரியா. 4க்குக் கீழே போகவில்லையா, மூட்டை தொட வேண்டாம். நாள்காட்டியைப் பார்த்துப் போடுகிறவருக்கும் அட்டையைப் பார்த்துப் போடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் வரிசையில் தெரியும். முன்னவருக்கு ஊரோடு சேர்த்து ஒரே வாரத்தில் மூட்டை வேண்டும்.

போடுகிற யூரியாவையும் கொஞ்சம் கட்டிப் போடலாம். வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான் 2015இலிருந்து வருகிறது. அதற்கு மேலும் யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு, வேப்பம்பிண்ணாக்கு ஒன்று என்று கலந்து ஒரு இரவு வைத்துப் போடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். தண்ணீரை வடித்துப் போட்டு, மறுநாள் கட்ட வேண்டும். தண்ணீர் நிற்கும் வயலில் வீசுகிற யூரியாவில் பாதி பயிருக்குச் சேராது. பத்து டாலர் எரிவாயுவில் செய்து, கப்பலில் வந்து, வரிசையில் நின்று வாங்கிய உப்பு கடைசியில் மடை வழியாகப் போகிறது.

நான் எடுத்த முடிவு

மணி அதிகமுள்ள மூன்று ஏக்கருக்குப் பாதி டிஏபி, ஜிப்சம், மேலுரம் அட்டையைப் பார்த்து. தாழ்ந்த இரண்டு ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு, முழு டிஏபி. காம்ப்ளக்ஸ் இல்லை. மொத்தம் பன்னிரண்டு மூட்டைக்கு மேல் யூரியா தேவைப்படாது, தேவைப்படும் தேதிகளும் சிதறிப் போகும்.

டிஏபியை ஆகஸ்டிலேயே வாங்கி வைப்பேன். விலை ஏறும் என்ற பயத்தால் இல்லை, மூட்டை ஒளிந்துகொள்ளும் என்பதால். யூரியாவை அப்படி மொத்தமாகச் சேர்க்கப் போவதில்லை. ஆதார் கைரேகை வைத்துத்தான் கருவியில் பில் போடுகிறார்கள், அளவு மீறினால் கேள்வி வரும். அதோடு ஐப்பசி மழையில் யூரியா கட்டிதட்டிப் போகும். முதல் மேலுரத்துக்கு வேண்டிய நாலு மூட்டையை மட்டும் பலகை மேல் அடுக்கி வைப்பேன். ஆகஸ்ட் கடைசிவரை டிஏபி வரவில்லை என்றால் சூப்பருக்கு மாறுவேன், கூலி போனால் போகிறது. காம்ப்ளக்ஸுக்குப் போவது ஒரே ஒரு சூழ்நிலையில்தான்: செப்டம்பரில் சொசைட்டி வாசலில் செருப்பு வரிசை தெரிந்தால். அப்போது ஏக்கருக்கு 1,270 ரூபாய் அதிகம் என்பது மஞ்சளித்த வயலைவிட மலிவு.

குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். அடுத்த வருஷம் கையில் இருக்குமோ இருக்காதோ என்ற நிலத்தில் தக்கைப்பூண்டுக்குச் செலவு செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு டிஏபியும் அட்டையும் போதும்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "கேஸு கீசெல்லாம் இருக்கட்டும், அந்த அட்டையக் குடு, பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் ஆகிறது. திருவாரூரில் வேறு அட்டை வாங்கிக்கொண்டேன்.